ஹோம்ஃபர்த்தின் பாம்ஃபோர்த் கம்பெனி: மதுவிலக்குப் படத்திலிருந்து குறும்பு அட்டை வரை

பிளாக்பூல், ஸ்கார்பரோ, பிரைட்டன் என்று இங்கிலாந்தின் எந்தக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தாலும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கடை வாசலில் ஒரு கம்பித் தாங்கி சுழன்றுகொண்டிருந்திருக்கும். அதில் செருகிய அஞ்சலட்டைகளில் வரும் ஆட்கள் மாறவே மாட்டார்கள். மார்பும் இடுப்பும் அட்டையின் ஓரத்தை முட்டும் ஒரு மனைவி; அவள் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒடுங்கி நிற்கும் கணவன்; மூக்கு சிவந்த குடிகாரன்; நேற்றுத்தான் கல்யாணமாகி விடுதியில் வந்திறங்கிய ஜோடி; ஒன்றும் அறியாத பாதிரியார்; எல்லாம் அறிந்த விடுதிக்காரம்மா. படத்துக்குக் கீழே ஒன்றிரண்டு வரி வசனம். நேராகப் படித்தால் ஒரு பொருள், கண்ணைச் சிமிட்டிப் படித்தால் வேறு பொருள்.

இந்தச் சரக்கைப் பெருமளவில் உற்பத்தி செய்த பதிப்பாளர்களில் முன்வரிசையில் இருந்தது பாம்ஃபோர்த் அண்ட் கம்பெனி. அதன் ஊர் ஹோம்ஃபர்த். யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில், பென்னைன் மலைச்சரிவில், ஹோம் ஆற்றின் கரையில் கம்பளி ஆலைகள் சூழ்ந்த சின்ன ஊர். அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் கடல் இல்லை. அது மட்டுமல்ல, இதே கம்பெனி தொடக்க காலத்தில் தேவாலயங்களுக்கும் மதுவிலக்குச் சங்கங்களுக்கும் நல்லொழுக்கப் படங்கள் செய்து விற்றுப் பிழைத்தது. குடித்துக் கெட்டவனின் கதையைக் கண்ணீரோடு காட்டிய வீடு, குடிகாரனை வைத்துச் சிரிப்பு மூட்டும் வீடாக எப்படி ஆனது?

வழக்கமாகச் சொல்லும் பதில், அப்பா பக்திமான், பிள்ளைகள் வியாபாரிகள் என்பது. அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கட்சி. தொழில் முறை மாறவே இல்லை, சரக்கை வாங்குகிறவர்கள் மட்டும் மாறினார்கள் என்று பார்த்தால்தான் இந்தக் கம்பெனியின் வரலாறு பிடிபடுகிறது.

படுதாவும் பக்கத்து வீட்டுக்காரரும்

ஜேம்ஸ் பாம்ஃபோர்த் 1842இல் பிறந்தவர். தகப்பனார் வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்கரிக்கும் தொழில் செய்தவர். தூரிகை பிடிக்கும் கை மகனுக்கும் வாய்த்தது. 1870இல் ஹோம்ஃபர்த்தில் உருவப்படம் எடுக்கும் ஸ்டூடியோ தொடங்கினார். 1880களின் தொடக்கத்தில் மேஜிக் லேண்டர்ன் எனப்படும் படவிளக்குக்கான கண்ணாடி ஸ்லைடுகளின் பக்கம் திரும்பினார். அடுத்த 20 ஆண்டுகள் கம்பெனிக்குச் சோறு போட்டது அந்தக் கண்ணாடிதான்.

சினிமா வருவதற்கு முன் ஊர் கூடிப் படம் பார்த்த காலம் இது. இருட்டறையில் ஒரு விளக்குப் பெட்டி. சுண்ணாம்புக் கட்டியின்மேல் வாயுச்சுடரைப் பாய்ச்சினால் கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம் வரும். அதற்கு முன்னால் கண்ணாடி ஸ்லைடைச் செருகினால் திரையில் ஆள் உயரத்துக்குப் படம் விழும். பக்கத்தில் ஒருவர் நின்று கதையை வாசிப்பார். தேவாலயக் கூடங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் இதற்கு நல்ல கூட்டம். 1847இல் லீட்ஸ் நகரில் தோன்றிய பேண்ட் ஆஃப் ஹோப் போன்ற மதுவிலக்கு இயக்கங்கள், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வைக்க இந்த விளக்கைத்தான் நம்பின.

அதுவரை கதை ஸ்லைடுகளைக் கையால் வரைவதுதான் பெருவழக்கு. உயிருள்ள ஆட்களை வேடம் போட்டு நிறுத்திப் புகைப்படம் எடுத்துக் கதை சொல்லும் முறையை முதலில் செய்தவர் ஜேம்ஸ் அல்ல. ஆனால் அதை ஓர் உற்பத்தித் தொழிலாக ஆக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

வேலை நடந்த விதம் இது. கதைக்கு வேண்டிய இடத்தைப் பெரிய படுதாவில் ஜேம்ஸே வரைவார்: சாராயக்கடை, ஏழை வீட்டு அடுப்படி, பனி கொட்டும் தெரு, கல்லறைத் தோட்டம். அதன் முன்னால் நாலு சாமான். நடிகர்கள் என்று தனியாக யாரும் கிடையாது. வீட்டுப் பிள்ளைகள், வேலையாட்கள், ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். எடுத்த படத்தை மூன்றேகால் அங்குலச் சதுரக் கண்ணாடியில் பதித்து, கையால் வண்ணம் தீட்டி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து, ஓரங்களைக் காகிதப் பட்டையால் ஒட்டுவார்கள். ஒரு கதைக்கான ஸ்லைடுகள் வரிசை எண்ணோடு ஒரு தொகுப்பாகும்; கூடவே வாசிப்பதற்கு அச்சிட்ட உரை.

பார்த்தவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஒன்று, முகங்கள் திரும்பத் திரும்ப வருவது. ஒரு தொகுப்பில் குடித்தே செத்துப்போகும் தகப்பன், இன்னொன்றில் மீட்பரைக் கண்டு மனம் திருந்தும் மாலுமி. ஊர்க்காரர்களுக்கு அவர் தெரு முனையில் தினமும் பார்க்கிற மனிதர். நூறு மைல் தள்ளித் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கோ அவர்தான் அந்தப் பாவி.

இந்த ஸ்லைடுகளில் ஒரு தந்திரம் உண்டு. அது பின்னால் நமக்குத் தேவைப்படும். இரட்டை விளக்கு வைத்திருப்பவர் ஒரு படத்தின்மேல் இன்னொன்றை மெல்ல விழவிடலாம். சிறையில் தலை கவிழ்ந்திருக்கிறான் ஒருவன். சுவரின் இருண்ட மூலையில் அம்மாவின் முகம் மங்கலாகத் தெளிகிறது. பார்வையாளர்கள் மூக்கைச் சிந்துவார்கள். கனவு, நினைவு, மனச்சாட்சி எல்லாவற்றையும் படத்தின் மேல்மூலையில் குடியேற்றும் இந்த வித்தையை பாம்ஃபோர்த் ஆட்கள் கைவசமாக்கிக்கொண்டார்கள்.

ஆக 1890களின் இறுதியில் ஜேம்ஸிடம் இருந்த சொத்து என்ன? ஒரு கட்டுப் படுதாக்கள், கூலி அதிகம் கேட்காத நடிகர் பட்டாளம், ஆயிரக்கணக்கில் நெகட்டிவ்கள். அதற்கும் மேலாக, ஒரே ஒரு படத்தில் ஒரு சூழ்நிலையை நிறுத்தி, கீழே ரெண்டு வரியில் மனதைத் தொடும் பழக்கம். அது கண்ணீரையும் வரவழைக்கும், சிரிப்பையும் வரவழைக்கும்.

குகைக்குள் ஒரு முத்தம்

படவிளக்கு வியாபாரத்தில் பெரிய கையான பிராட்ஃபோர்ட் நகரின் ரைலி சகோதரர்களோடு சேர்ந்து, 1890களின் கடைசியில் ஜேம்ஸ் சினிமாவும் எடுத்தார். ஒன்றிரண்டு நிமிடம் ஓடும் துண்டுப் படங்கள். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1899இல் எடுத்த 'தி கிஸ் இன் தி டனல்'. அதே ஆண்டு பிரைட்டன் பக்கத்தில் ஜி. ஏ. ஸ்மித் இதே பெயரில் ஒரு படம் எடுத்திருந்தார். அது ரயில் பெட்டிக்குள் நடக்கும் ஒரே காட்சி. ரயிலின் முகப்பிலிருந்து எடுத்த படச்சுருளின் நடுவில் வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி செய்தது. பாம்ஃபோர்த் படத்தில் மூன்று காட்சிகளும் சேர்ந்தே வருகின்றன. ரயில் குகைக்குள் நுழைகிறது. பெட்டிக்குள் ஆணும் பெண்ணும் முத்தமிடுகிறார்கள். ரயில் நிலையத்துக்கு வந்து சேர்கிறது. சினிமாவில் காட்சிகளை அடுக்கிக் கதை சொல்லும் முறை எப்படி உருவானது என்று ஆராய்கிறவர்கள் ஸ்மித்தின் படத்தோடு இதையும் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முத்தம் நடக்கும் இடம். வெளியே இருப்பவர்களுக்கு ரயில் போகிறது, ரயில் வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்பது உள்ளே இருந்தவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும்தான் தெரியும். பிற்காலத்துக் குறும்பு அட்டையின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. எடுத்ததோ மதுவிலக்கு ஸ்லைடுகள் செய்துகொண்டிருந்த அதே ஜேம்ஸ். அதனால்தான் பக்தியுள்ள அப்பா, பக்தியில்லாத பிள்ளைகள் என்ற கதையை நான் ஏற்கவில்லை.

இரண்டாவது படத்தின் பெயர் 'விமன்ஸ் ரைட்ஸ்'. பெயரைப் பார்த்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வேலி ஓரத்தில் நின்று ஊர்வம்பு பேசும் இரண்டு பெண்களின் பாவாடையை, வேலிக்கு மறுபக்கம் இருப்பவர்கள் பலகையோடு சேர்த்து ஆணியடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். வேலியின் இரண்டு பக்கத்தையும் காட்ட வேண்டும். ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வைக்கவில்லை. கேமரா நின்ற இடத்திலேயே நிற்க, நடிகர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். பார்ப்பவர்களுக்கு நாம்தான் வேலியைத் தாண்டி வந்துவிட்டோம் என்று தோன்றும். படுதாவுக்கு முன்னால் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திப் பழகியவரின் மூளை இது. பெண்களைப் பற்றிய அந்தச் சிரிப்பும் கவனிக்க வேண்டியது; அது 80 ஆண்டுகள் கழித்து இந்தக் கம்பெனியின் கழுத்தைப் பிடிக்கும்.

சில காலத்திலேயே சினிமா வேலையை விட்டுவிட்டார்கள். பத்தாண்டுக்கும் மேல் கழித்து, முதல் உலகப்போரையொட்டி மறுபடி இறங்கி, விங்கி என்ற கோமாளிப் பாத்திரத்தை வைத்து ஹோம்ஃபர்த் தெருக்களிலேயே ஒரு நகைச்சுவைத் தொடர் எடுத்தார்கள். 1915இல் தயாரிப்பு லண்டனுக்குப் போனது, போர்க்காலத்தில் அதுவும் நின்றது. சினிமா பாம்ஃபோர்த்துக்கு ஒரு கிளைச் சாலை மட்டுமே. நேர்ச்சாலை அஞ்சலகம் வழியாகப் போனது.

அஞ்சலகம் திறந்த வாசல்

பிரிட்டனில் அஞ்சலட்டை 1870 அக்டோபரில் வந்தது. நம் ஊர்க் கால் அணா கார்டு 1879இல் வந்தது போலவே, அதுவும் அரசாங்கம் அச்சிட்டு விற்ற வெற்று அட்டைதான். தனியார் அச்சிட்ட அட்டையில் அரைப் பென்னி தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்று 1894 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஸ்கார்பரோவின் ஈ. டி. டபிள்யூ. டென்னிஸ் கம்பெனி உடனடியாகப் பட அட்டைகளை வெளியிட்டவர்களில் ஒன்று. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டுமே. படமும் சேதியும் மறுபக்கத்தில் இடத்துக்கு முட்டிக்கொள்ள வேண்டும். 1902இல்தான் முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பாதியில் சேதி, வலப்பாதியில் முகவரி என்று எழுத அஞ்சல்துறை இடம் கொடுத்தது. அதோடு மறுபக்கம் முழுவதும் படத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சின்னக் கோட்டைப்போல பாம்ஃபோர்த்துக்கு உதவியது வேறெதுவும் இல்லை என்பேன். அடுத்த பத்தாண்டுக்குள் பிரிட்டிஷ் அஞ்சலகம் ஆண்டுக்கு 80 கோடிக்கும் மேல் அட்டைகளைக் கையாண்டது. நகரங்களில் தபால் ஒரே நாளில் பலமுறை பட்டுவாடா ஆனது. காலையில் போட்ட அட்டை சாயங்காலம் கையில் கிடைக்கும். இன்றைக்கு வாட்ஸாப்பில் போடுவதை அன்றைக்கு அரைப் பென்னிக்கு எழுதினார்கள்.

பாம்ஃபோர்த் 1900களின் தொடக்க ஆண்டுகளில் அட்டை வியாபாரத்துக்கு வந்தபோது முதலில் செய்தது புதுப்படம் எடுப்பது அல்ல. அலமாரியில் இருந்த ஸ்லைடு நெகட்டிவ்களை வெளியே எடுப்பதுதான். தேவாலயக் கூடத்தில் திரையில் விழுந்த அதே படங்கள், ஞானப்பாட்டு அட்டை, பாட்டு அட்டை என்ற பெயரில் வீடு தேடி வந்தன. ஒரு பாட்டுக்கு மூன்று அல்லது நான்கு அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு சரணம், அதற்கேற்ற படம். எண் போடுவதிலும் வியாபார மூளை தெரிகிறது. ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் சாய்கோடிட்டு 1, 2, 3 என்று போட்டிருக்கும். முதல் அட்டை வந்தவர் மூன்றாவதுக்காகக் காத்திருப்பார். அனுப்புகிறவர் மூன்றையும் வாங்கியாக வேண்டும். பாட்டின் உரிமை வைத்திருக்கும் இசைப் பதிப்பாளரின் அனுமதி பெற்றது என்ற வரி பொடி எழுத்தில் ஓரத்தில் இருக்கும். பின்பக்கத்தில் கம்பெனி பெயரோடு ஹோம்ஃபர்த், நியூயார்க் என்று இரண்டு ஊர் பெயர்கள். கம்பளி ஆலை ஊரும் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள மாநகரமும் ஒரே வரியில் அக்கம்பக்கமாக.

முதல் உலகப்போர் இந்த அட்டைகளுக்குப் பொற்காலம். ஒன்றை எடுத்து அருகில் வைத்துப் பார்க்கலாம். கீழ்ப்பாதியில் பாசறை, வரைந்த படுதாதான், கூடாரங்கள் தூரத்தில் சின்னதாகின்றன. நெருப்பின் அருகில் காக்கிச் சட்டையில் ஒரு சிப்பாய், கையில் கடிதம். முகத்தில் போரின் அழுக்கு துளியும் இல்லை. தலைவாரிப் பொட்டலம் கட்டியதுபோல் சுத்தம். மேல்மூலையில் புகை சுழன்று ஒரு மேகமாகிறது. மேகத்துக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனைவி, மடியில் குழந்தை. ஓரத்தில் பாட்டின் ஒரு சரணம். சிறையில் வாடியவனுக்கு அம்மா முகம் காட்டிய பழைய படவிளக்குத் தந்திரம் அப்படியே இங்கே வேலை செய்கிறது. இரட்டை விளக்குக்குப் பதில் இருட்டறை ஒட்டுவேலை.

எழுத வராதவர்களுக்கும், எழுத வந்தும் மனதில் உள்ளதைச் சொல்ல வெட்கப்பட்டவர்களுக்கும் பாட்டே பேசிவிட்டது. பின்பக்கம் நலம், நலமறிய அவா, மழை என்று நாலு வார்த்தை எழுதினால் போதும். படம் மிகை, பாட்டு மிகை, நடிப்பு மிகை என்று இன்றைக்குச் சிரிக்கலாம்தான். ஆனால் அவற்றைப் பெற்றவர்கள் ஆல்பத்தில் வைத்துக் காத்ததால்தான் பழம்பொருள் சந்தைகளில் இன்னும் கத்தை கத்தையாகக் கிடைக்கின்றன. குறும்பு அட்டை அப்படிப் பத்திரமாக வைக்கும் பொருள் அல்ல. சிரித்துவிட்டு, அடுப்புக்கு மேலே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, தூக்கிப் போடுவது.

1918 ஜூன் மாதத்தில் அஞ்சலட்டைக் கட்டணம் அரைப் பென்னியிலிருந்து ஒரு பென்னி ஆனது. போரும் முடிந்தது. உருக்கமான பாட்டு அட்டையின் காலமும் கிட்டத்தட்ட அதோடு போயிற்று. நல்லவேளையாக, இன்னொரு அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது.

சம்பளக் கை

ஜேம்ஸ் 1911இல் காலமானார். பொறுப்பு மகன் எட்வின் கைக்கு வந்தது. வரைந்த நகைச்சுவை அட்டைகள் அந்த ஆண்டுகளையொட்டித்தான் வேகமெடுத்தன. 1910களின் தொடக்கத்தில் டக்ளஸ் டெம்பெஸ்ட் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். 1954இல் இறக்கும்வரை கம்பெனிக்கே வரைந்தார். அவருடைய கை மென்மையானது. கொழுகொழு குழந்தைகள், நாய்க்குட்டிகள், முதல் போரில் ஜெர்மன் பேரரசர் கெய்சரைப் பற்றிய கேலி. 1920களின் இறுதிவாக்கில் ஆர்னால்ட் டெய்லர் சேர்ந்தார். நாம் இன்று கடற்கரைக் குறும்பு அட்டை என்றதும் நினைக்கும் அந்தப் பெருத்த இடுப்பும், இறுக்கமான நீச்சலுடையும், பளீர் சிவப்பு மஞ்சளும் பெரிதும் அவர் கைவண்ணம். 1980கள் வரை வரைந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேர் சேர்ந்து முக்கால் நூற்றாண்டை இழுத்துவிட்டார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்த வகை அட்டை என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பெயர் டொனால்ட் மெக்கில். அவர் பாம்ஃபோர்த் ஆள் அல்ல. லண்டன் பக்கத்துப் பதிப்பாளர்களுக்கு வரைந்தவர். மெக்கில் அட்டையில் ஓவியரின் பெயர் விற்றது. பாம்ஃபோர்த்திலோ கம்பெனியின் பெயர்தான் விற்றது; ஓவியர் மாறினாலும் வீட்டுப் பாணி மாறாது. படுதாவுக்கு முன் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிப் பெயர் இல்லையோ, அப்படித்தான் வாங்கியவர்களுக்கு இந்த ஓவியர்களும். கலைஞனுக்கு இது நியாயமா என்பது வேறு விஷயம். கம்பெனி நீடித்து நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாங்கியவர்கள் யார்? லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆலை ஊர்கள்தான். வேக்ஸ் வாரம் என்று ஆண்டுக்கொரு முறை ஆலைகள் மொத்தமாக மூடும். கொதிகலனைக் கழுவுவார்கள், ஊரே ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்விடும். ஊரே அங்கே இருக்கும்போது அட்டையை யாருக்கு எழுதுவது என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு ஊரின் விடுமுறை வாரமும் வெவ்வேறு. அதனால் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அக்காவும் சித்தப்பாவும் தறியடியில்தான் இருப்பார்கள். அவர்கள் வயிறெரியவே அட்டை போகும். இந்த ஏற்பாட்டால் கோடை முழுவதும் கடைக்காரனுக்கும் வாரம்தோறும் புதுக்கூட்டம். சம்பளத்துடன் விடுமுறை தரும் சட்டம் 1938இல் வந்ததும், போருக்குப் பிறகு அந்தக் கூட்டம் இன்னும் பெருகியது.

அட்டைகளின் ஆட்களை மறுபடி பாருங்கள். ஆறு நாள் மேஸ்திரிக்கும் ஏழாம் நாள் பாதிரியாருக்கும் கட்டுப்பட்டவர்களுக்கு, கடற்கரையில் ஒரு வாரம் மேஸ்திரி இல்லை. பாதிரியார் அட்டையில் மட்டும் இருக்கிறார், அதுவும் கேலிப்பொருளாக. ஹோம்ஃபர்த்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடல் தெரியாவிட்டாலும் கடலுக்குப் போகிறவர்களைத் தெரியும். எனக்குத் தெரிந்து அதுதான் கடலில்லாத ஊரில் கடற்கரை அட்டை பிழைத்த ரகசியம்.

போலீஸ்காரர் வந்தபோது

அஞ்சலட்டை மூடாத கடிதம். தபால்காரர் படிப்பார், விடுதிக்காரம்மா படிப்பார், போய்ச்சேரும் வீட்டில் மாமியார் படிப்பார். ஆகவே பச்சையாக எதையும் அச்சிட முடியாது. இரட்டை அர்த்தம் என்பது வெறும் சுவைக்காக வைத்தது அல்ல. அது ஒரு வக்கீல். இதிலென்ன ஆபாசம் இருக்கிறது, உங்கள் புத்தி அப்படிப் போனால் நான் என்ன செய்வது என்று அப்பாவி முகத்தோடு வாதாட அது இடம் வைக்கிறது. ரயில் குகைக்குள் போனது, வெளியே வந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியாது.

1950களில் அந்த வாதம் எடுபடவில்லை. கையில் இருந்தது 1857ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரச் சட்டம். உள்ளூர் மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் கடையில் சரக்கைப் பறிமுதல் செய்து அழிக்கலாம். நாடு முழுமைக்குமான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு ஊரில் தாங்கியில் தொங்கும் அட்டை, அடுத்த ஊரில் அழிக்கப்படும். பல்லாயிரக்கணக்கில் அச்சடித்து நாடெங்கும் அனுப்பும் பதிப்பாளருக்கு இதைவிடத் தலைவலி கிடையாது. சில ஊர்கள் தாங்களே தணிக்கைக் குழு வைத்தன. பிளாக்பூலில் 1951இல் ஒன்று உருவானது. ஐரிஷ் கடலில் உள்ள மான் (Man) தீவிலும் தனிக்குழு இருந்தது. மரியாதைக்குரிய பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொரு அட்டையாகக் கையில் எடுத்து, இதில் இரண்டாம் அர்த்தம் உண்டா இல்லையா என்று விவாதித்தார்கள். அந்தக் கூட்டத்தையே ஓர் அட்டையாக வரைந்திருக்கலாம்.

1954 ஜூலை 15ஆம் தேதி லிங்கன் நகர நீதிமன்றத்தில் மெக்கில் நிறுத்தப்பட்டார். வயது எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில். 50 பவுண்டு அபராதமும் 25 பவுண்டு வழக்குச் செலவும் கட்டினார். அவருடைய அட்டைகளில் மிக அதிகமாகத் திட்டு வாங்கியது, கடற்கரை ஊர்களில் விற்கும் ராக் மிட்டாய்த் தண்டின் பூதாகாரமான ஒன்றை மடியில் நிமிர்த்திப் பிடித்திருக்கும் ஆளின் படம். மிட்டாய்தானே என்ற வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிகிறது. தொகை பெரிதல்ல, அதிர்ச்சி பெரிது. கடைக்காரர்கள் கொடுத்திருந்த ஆர்டர்களைத் திரும்பப் பெற்றார்கள், சின்னப் பதிப்பாளர்கள் சிலர் மூழ்கிப்போனார்கள்.

பாம்ஃபோர்த் மூழ்கவில்லை. அதன் சரக்கில் குறும்பு மட்டும் இல்லை; குழந்தைகள், நாய்கள், வாழ்த்து என்று சாதுவான பக்கமும் டெம்பெஸ்ட் காலத்திலிருந்தே இருந்தது. ஒரு பக்கம் அடி விழுந்தாலும் மறுபக்கம் தாங்கியது. படவிளக்குக் காலத்திலும் தேவாலயத்துக்கு ஒரு தொகுப்பு, கேளிக்கைக்கு ஒரு தொகுப்பு என்று விற்றவர்கள்தானே.

1957இல் மெக்கில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1959இல் புதிய ஆபாசப் பிரசுரச் சட்டம் வந்தது. பிளாக்பூல் குழு 1968இல் கலைந்தது.

கதவு திறந்த பிறகு

தடை போனதும் வியாபாரம் கொழித்திருக்க வேண்டும் அல்லவா? சில ஆண்டு கொழித்ததும் உண்மை. ஆனால் 1970களின் அட்டைகளை முந்தையவற்றோடு பக்கத்தில் வைத்தால், ஏதோ ஒன்று தளர்ந்திருப்பது தெரிகிறது. உடை குறைகிறது, வசனம் நேராகிறது. இரண்டு அர்த்தம் ஒன்றாகிறது. பத்திரிகைக் கடையில் மேல் அடுக்கில் நிர்வாணப் படம் கிடைக்கும்போது, கீழே நாலு பென்ஸுக்குக் கண்சிமிட்டல் யாருக்கு வேண்டும்? மாமியார் படித்துவிடுவாளோ என்ற பயம் இருந்தவரைதான் அந்தச் சிரிப்புக்கு உயிர்.

அடுத்த அடி வானத்திலிருந்து வந்தது. மலிவு விலைப் பயணத் திட்டத்தில் விமானமேறி ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கினார்கள் தொழிலாளர் குடும்பங்கள். ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. ஆலை இல்லாத இடத்தில் வேக்ஸ் வாரம் ஏது? மூன்றாவதாக, பாவாடையை வேலியில் ஆணியடிப்பது வேடிக்கை என்று நினைக்கிற தலைமுறை போய்விட்டது. பெண் உடம்பே நகைச்சுவை, மனைவி என்றால் இம்சை, செயலாளர் என்றால் மேலாளரின் மடி என்ற சூத்திரத்தைப் பெண்கள் கேள்வி கேட்டார்கள். கேட்டது சரிதான். அந்த அட்டைகளில் ஆண்களும் உதவாக்கரைகளாகத்தானே வருகிறார்கள் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். உண்மை, ஆனாலும் அந்த ஆணை அளக்கும் கண் அட்டையில் கிடையாது, பெண்ணை அளக்கும் கண்தான் எங்கும் இருக்கிறது.

நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. வாங்கியது ஸ்கார்பரோவின் டென்னிஸ் கம்பெனி. 1894இல் பட அட்டைக்கு வாசல் திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்களில் ஒருவர். 2000இல் டென்னிஸும் கடையைக் கட்டியது. அடுத்த ஆண்டு பாம்ஃபோர்த் படங்களின் பதிப்புரிமை ஒரு தொழிலதிபர் கைக்கு மாறியது. அச்சு இயந்திரமோ, ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பழைய ஆலைக் கட்டடமோ அந்த வியாபாரத்தில் சேர்த்தி இல்லை. விலைபோனது, கீழே ரெண்டு வரி வசனம் வைத்த பல்லாயிரம் படங்களின் கையிருப்பு.